இளமை நீரிழிவும் இரவு உறக்கமும்



நம் முன்னோர் நோய்களுக்கு இட்ட பெயர்களை ஊன்றி நோக்கினால், அந்நோயின் எந்தக் குறியை அவர்கள் முதலில் கண்டனர் என்பது புலனாகும். நீரிழிவு என்பது அத்தகைய பெயர்களுள் ஒன்று. உடலிலுள்ள நீர் ஓயாது இழிந்து வெளியேறுவது என்பது அதன் பொருள். நோயாளி இரவில் மூன்று முறை, நான்கு முறை எழுந்து வெளியே செல்கின்றான். திரும்பி வந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கின்றான். கண் அயர்வதற்குள் மறுபடியும் எழுகின்றான். உறக்கக் கேடு இந்நோயின் பெயரிலேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

நீரிழிவு என்றதும், நாற்பது வயதைக் கடந்து, உடல் பருத்து, காலையில் நடைப்பயிற்சிக்குச் செல்லும் பெரியவர் ஒருவரே நம் நினைவுக்கு வருகின்றார். அவருக்கு உள்ளது இரண்டாம் வகை. இன்று நாம் பேசவிருப்பது முதல் வகை. இது பெரும்பாலும் உங்கள் வயதினரையும் உங்களினும் இளையோரையும் பற்றுவது. எனினும் எந்த வயதிலும் தோன்றக்கூடும். மிட்டாய் மிகுதியாகத் தின்றதனால் வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. பெற்றோர் வளர்ப்பில் நேர்ந்த குறையும் அன்று. இம்மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இம்மூன்று பழிகளையும் கேட்டுக் கேட்டு மனம் நைந்த தாய்மார் நம் ஊர்களில் பலர்.

எங்கள் வேம்பாரின் பெயரால் மன்னார் வளைகுடாவில் ஒரு தீவுக் கூட்டமே உண்டு. உப்புத்தண்ணித் தீவு, புலுவினிச்சல்லித் தீவு, நல்லதண்ணித் தீவு என்பன அக்கூட்டத்தைச் சேர்ந்தவை. அவ்வாறே நம் வயிற்றில் இரைப்பையின் பின்புறம் அமைந்த கணையம் என்னும் உறுப்பினுள்ளும் சிறு சிறு தீவுகள் உள்ளன; அவை ஏறத்தாழப் பத்து இலட்சம். 1869-ஆம் ஆண்டில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய இளைஞர், 21 வயது மருத்துவ மாணவராக இருந்தபோது, நுண்பெருக்கியின் வாயிலாக இவற்றைக் கண்டு எழுதினார். இவை என்ன வேலை செய்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. 1893-இல் லாகெஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் இவற்றிற்கு லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்று பெயரிட்டார். இத்தீவுகளிலுள்ள ஒருவகை உயிரணுக்களில் ஊறும் பொருளே இன்சுலின். தீவு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்தது.

உணவிலிருந்து குருதியில் சேரும் குளுக்கோஸைத் தசை முதலியவற்றின் உயிரணுக்களுக்குள் புகவிடுவது இன்சுலினின் பணி. முதல் வகை நீரிழிவில், நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே இத்தீவுகளில் இன்சுலின் ஊறும் உயிரணுக்களைப் பகையென மயங்கி அழித்துவிடுகின்றது. பின்னர் இன்சுலினை வெளியிலிருந்து ஊசிவழிச் செலுத்தியே உயிர் வாழ வேண்டும். 1922-ஆம் ஆண்டு ஜனவரியில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அவ்வூசி முதன்முதலாகப் போடப்பட்டது. அதற்கு முன்னர் இந்நோய் கண்ட சிறுவர்களைப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் பிழைக்க வைப்பதே மருத்துவர் செய்யக்கூடியதாக இருந்தது. நம் நாட்டில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் பேராசிரியர் விசுவநாதன் அவர்கள் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் விலையின்றிக் கிடைக்கின்றது.

மருந்து கிடைத்துவிட்டது, உயிர் பிழைத்தாயிற்று. பிறகும் இரவு ஏன் தொல்லை தருகிறது?

குருதியில் சர்க்கரை மிகும்போது வரும் தொல்லையை முதலில் பார்ப்போம். இது எளிதில் விளங்கக்கூடியது. நூறு மில்லிலிட்டர் குருதியில் குளுக்கோஸின் அளவு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகங்களால் அதைத் தடுத்து நிறுத்த இயலாது. சிறுநீரில் வழியும் சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கின்றது. நீர் குறையவே நா வறளுகின்றது. குடித்த நீர் மறுபடியும் வெளியேறுகின்றது. இரவெல்லாம் இவ்வாறே கழிகின்றது. இங்கே ஒரு செய்தியை உங்கள் வீட்டிலும் சொல்லி வையுங்கள். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் வழக்கம் நின்று ஓராண்டு, ஈராண்டு ஆன ஒரு குழந்தை மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்கினால், உடல் மெலிந்தால், ஓயாது தண்ணீர் கேட்டால், அதனை அதட்டாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் சென்று குருதிச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். இந்நோய் முதலில் தலைகாட்டும் குறி பல வீடுகளில் இதுவே. காலந்தாழ்த்தினால் குருதியில் அமிலம் மிகுந்து, மூச்சு இரைத்து, வாந்தி கண்டு, அறிவு மயங்கி, உயிருக்கே ஊறு நேரும்.

இனிச் சர்க்கரை குறைவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவே இரவின் மெய்யான அச்சம்.

மூளைக்கு முதன்மையான உணவு குளுக்கோஸ். அதைச் சேமித்து வைத்துக்கொள்ள மூளைக்கு இடமில்லை; குருதியிலிருந்து நொடிதோறும் பெற்றுக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே குருதிச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் எச்சரிக்கை என்றும், 54-க்குக் கீழ் இறங்கினால் ஆபத்து என்றும் மருத்துவர் வகுத்துள்ளனர். நோயற்றவர் உடலில் இவ்வாறு இறங்காதபடி மூன்று காவல்கள் உள்ளன. சர்க்கரை இறங்கத் தொடங்கியதும் இன்சுலின் சுரப்பது நின்றுவிடும். அடுத்து, அதே தீவுகளில் ஊறும் குளுக்ககான் என்னும் பொருள் கல்லீரலைத் தூண்டி, அங்கே சேர்ந்துள்ள சர்க்கரையை வெளிவரச் செய்யும். மூன்றாவதாக, அட்ரினலின் பெருகி, நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, வியர்த்து, பசியெடுத்து, ஏதேனும் உண் என்று நம்மை எழுப்பும்.

முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு இக்காவல்கள் என்னவாகின்றன என்று பாருங்கள். ஊசிவழி உட்சென்ற இன்சுலினை நிறுத்த உடலால் இயலாது. அது தன் நேரம் முடியும்வரை வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே முதற்காவல் இல்லை. நோய் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள், சர்க்கரை குறையும்போது குளுக்ககான் எழும் திறனும் மங்கிவிடுகின்றது. எஞ்சியிருப்பது அட்ரினலின் ஒன்றே. உறக்கத்தில் அதுவும் தளர்ந்துவிடுகின்றது! அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் வளரிளம் பருவத்தினரைக்கொண்டு நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டிற்று. விழித்திருக்கையில் சர்க்கரை குறைந்தபோது எழுந்த அளவு அட்ரினலின், ஆழ்ந்து உறங்குகையில் எழவில்லை. நோயுள்ளவர், இல்லாதவர் ஆகிய இரு சாராரிடத்தும் இந்தத் தளர்வு காணப்பட்டது. ஆனால் நோயில்லாதவருக்கு ஏனைய காவல்கள் இருக்கின்றன.

முத்துக்குளித்துறையில் பிறந்தோருக்கு இதனை விளக்குவது எளிது. மன்னார் வளைகுடாவின் நம் கரையில் முத்துக்குளித்தல் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. எனினும் அது நடந்த விதத்தை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குளியாளி காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி அடியில் இறங்குவான். தோணியில் ஒருவன் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழிருப்பவன் கயிற்றை அசைத்ததும் மேலிருப்பவன் இழுத்துவிட வேண்டும். கீழிருப்பவனுக்குக் குரல் இல்லை. கயிற்றின் அசைவு ஒன்றே அவன் மொழி. உறங்கும் நீரிழிவுச் சிறுவன் அந்தக் குளியாளியைப் போன்றவன். ஆனால் அவன் கயிற்றை அசைக்கும் வலிமை உறக்கத்தில் குன்றிவிடுகின்றது. மேலே கயிறு பிடித்திருப்பவள் தாய். அசைவு வராது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அவள் உறங்குவதில்லை.

இவ்வச்சம் வீண் அச்சம் என்று யாரும் தள்ளிவிட வேண்டா. 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடைபெற்ற பெரும் ஆய்வொன்றில், பிறர் உதவியின்றி மீள இயலாத அளவுக்குச் சர்க்கரை குறைந்த நிகழ்ச்சிகளில் பாதிக்கும் மேற்பட்டவை உறக்கத்திலேயே நேர்ந்தன என்று பதிவாகியுள்ளது. தக்க நேரத்தில் கண்டால் பெரும்பாலும் ஒரு குவளைச் சர்க்கரை நீரிலேயே நிலைமை சீர்ப்பட்டுவிடும் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். கண்டுகொள்வதுதான் இங்கே கடினம். நள்ளிரவில் சட்டை நனைய வியர்த்திருத்தல், கெட்ட கனவு கண்டு அலறுதல், உறக்கத்தில் உளறுதல், காலையில் தலைவலியோடும் சோர்வோடும் எழுதல் ஆகியவை இரவில் சர்க்கரை குறைந்ததற்கு அடையாளங்களாக இருக்கலாம். நம் கடற்கரைப் புழுக்கத்தில் யாருக்குத்தான் சட்டை நனையவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனாலேயே விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டுக் குருதியைப் பார்ப்பதைத் தவிர வேறு உறுதியான வழியில்லை என்று நெடுங்காலம் இருந்தது.

எந்த இரவில் சர்க்கரை குறையும் என்பதை ஓரளவு முன்னரே அறியலாம். மாலையில் கபடி ஆடிய மாணவனை எடுத்துக்கொள்வோம். ஆட்டத்தின்போது அவன் தசைகள் தம்மிடமிருந்த சர்க்கரைச் சேமிப்பைச் செலவழித்துவிட்டன. இரவு முழுவதும் அவை குருதியிலிருந்து குளுக்கோஸை எடுத்துக் குதிரை நிரப்புகின்றன. நெற்குதிர் காலியானால் அறுவடையை அதில் கொட்டுவதைப் போன்றதே இது. அன்றியும், உழைத்த தசைக்கு இன்சுலினின் வேலை எளிதாகிவிடுகின்றது. ஆகவே ஐந்து மணிக்கு ஆடிய ஆட்டத்தின் விளைவு இரவு இரண்டு மணிக்குத் தோன்றும். ஆடியவன் ஆட்டத்தை மறந்துவிட்டான், தசை மறக்கவில்லை. இதன் பொருட்டு விளையாட்டை விட்டுவிடலாகாது. ஆடிய நாளில் இரவு இன்சுலினைச் சிறிது குறைப்பதா, படுக்குமுன் சிறிது உண்பதா என்று மருத்துவரிடம் முன்னரே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊசி மருந்தின் வகையும் ஒரு காரணம். 1946-இல் டென்மார்க்கு நாட்டின் ஹாகெடோர்ன் குழுவினர் மெதுவாக வேலை செய்யும் இன்சுலின் ஒன்றை உண்டாக்கினர். பால்போல் கலங்கியிருக்கும் அம்மருந்து இன்றும் பல இடங்களில் பயன்படுகின்றது. அதன் வேகம் எல்லா நேரத்திலும் ஒரே சீராக இராது. போட்டபின் நான்கு மணி முதல் பத்து, பன்னிரண்டு மணிவரைக்குள் உச்சம் கொள்ளும். இரவு எட்டு மணிக்குப் போட்டுக்கொண்டால் உச்சம் நள்ளிரவைத் தொட்டு நிற்கும். அதனால் அதைப் படுக்கும் நேரத்திற்குத் தள்ளிப் போடுமாறு மருத்துவர் சொல்வதுண்டு. பிற்காலத்தில் வந்த நீண்டநேர இன்சுலின் வகைகளுக்கு இத்தகைய உச்சம் குறைவு. அவற்றைப் பயன்படுத்துவோர்க்கு இரவுத் தாழ்வும் குறைவாகவே நேர்கின்றது.

இரவு இவ்வாறு கழிந்தபின் விடியலுக்கு வேறொரு குணம் இருக்கின்றது. இரவில் ஒழுங்காக இருந்த சர்க்கரை, விடியற்காலை மூன்று, நான்கு மணியளவில் எதையும் உண்ணாமலே ஏறத் தொடங்கும். வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசால் என்னும் ஹார்மோனும் செய்யும் வேலை இது. விழித்தெழுந்து உழைக்கப்போகும் உடலுக்குக் கல்லீரல் முன்கூட்டியே கட்டுச்சோறு கட்டுகின்றது. கடலுக்குப் போகும் வீட்டில் ஊர் விழிக்குமுன் அடுப்பு எரிவதில்லையா? நோயற்றவர் உடலில் அந்நேரத்தில் சிறிது இன்சுலின் கூடுதலாக ஊறிச் சமன் செய்துவிடும். முதல் வகையினரிடம் அது நடவாது. வளரும் பருவத்தில் வளர்ச்சி ஹார்மோன் மிகுதி. ஆதலின் உங்கள் வயதினரிடம் இவ்விடியல் ஏற்றம் சற்று அதிகமாகவே இருக்கும்.

காலையில் சர்க்கரை மிகுந்திருப்பதைக் கண்டதும் இரவு ஊசியைக் கூட்டிவிடலாம் என்று தோன்றும். இங்கேதான் பொறுமை வேண்டும். 1938-இல் மைக்கேல் சோமோகி என்ற அறிஞர், நள்ளிரவில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து, அதற்கு எதிர்விளைவாகவே காலையில் உயர்ந்திருக்கக்கூடும் என்றார். அப்படியானால் ஊசியைக் கூட்டுவது தீங்கைப் பெருக்கும். பிற்காலத்து ஆய்வுகள், சோமோகி கருதிய அளவுக்கு இது அடிக்கடி நேர்வதில்லை என்றும், விடியல் ஏற்றமும் முதல் நாள் ஊசியின் வலு தேய்ந்துபோவதும் பெரும்பாலும் காரணம் என்றும் காட்டின. எதுவாயினும், காலை எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டலாகாது. இரண்டு அல்லது மூன்று மணிக்கு ஓரிரு நாள் எழுந்து பார்த்த எண்ணே உண்மையைச் சொல்லும். ஆம், அதற்கும் ஒருவர் உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்!

இதுவரை சர்க்கரை உறக்கத்தைக் கெடுப்பதைச் சொன்னேன். உறக்கம் கெடுவதாலும் சர்க்கரை கெடுகின்றது. நெதர்லாந்து நாட்டின் லைடன் நகரில் முதல் வகை நீரிழிவுடையோர் சிலரை ஒரே ஓர் இரவு நான்கு மணி நேரம் மட்டும் உறங்கவிட்டு, மறுநாள் சோதித்தனர். 2010-இல் அதன் முடிவு வெளியாயிற்று. ஓரிரவு உறக்கக் குறைவிலேயே அவர்கள் உடலில் இன்சுலின் வேலை செய்யும் திறன் குறைந்துபோயிருந்தது. அதே ஊசி, அதே உணவு. பலன் மட்டும் குறைவு. தேர்வுக் காலத்தில் விடிய விடியப் படிக்கும் மாணவருள் இந்நோயுள்ளவர் இருப்பின் இதனை நினைவில் வைக்க வேண்டும். உங்கள் வயதில் எட்டு மணி முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர் கருத்து. படிப்புக்கு நடுவே அதை எங்கே போய்த் தேடுவது என்று நீங்கள் முணுமுணுப்பது என் செவியில் விழுகின்றது.

இனி, செய்யத்தக்கது யாது? ஒவ்வோர் இரவும் தாய் இரண்டு மணிக்கு எழுந்து பார்ப்பது காவல் போலத் தோன்றும். ஆனால் மாதக்கணக்கில் அப்படிச் செய்தால், அவளும் நோயாளி ஆவாள். மகனும் நிம்மதியாக உறங்கான். எந்த இரவுகள் ஐயத்துக்குரியவை என்று தேர்ந்துகொள்வதே அறிவுடைமை. மாலையில் கடுமையாக விளையாடிய நாள், இரவு உணவு குறைந்த நாள், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்ட நாள், மருந்தின் அளவை மாற்றிய முதற்சில நாள்கள், கோயில் திருவிழாவில் ஊனும் உறக்கமும் முறை தப்பிய நாள் ஆகியவற்றில் விழித்துப் பார்க்கலாம். ஏனைய நாள்களில் படுக்குமுன் ஒருமுறை பார்த்து, எண் தாழ்வாக இருப்பின் சிறிது உண்டுவிட்டு, யாவரும் உறங்கலாம்.

இக்காலத்தில் தோலின்கீழ் மெல்லிய இழையொன்றைச் செருகி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையை அளந்து, தாழ்ந்தால் மணியடிக்கும் கருவிகள் வந்துள்ளன. அயலூரில் இருக்கும் தாயின் கைபேசியிலும் அம்மணி ஒலிக்கும். தாழ்வு வரப்போவதை முன்னறிந்து இன்சுலின் செலுத்துவதைத் தானே நிறுத்திக்கொள்ளும் கருவிகளும் உண்டு. கயிறு பிடிக்கும் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது எனலாம். ஆயினும் இவற்றின் விலை மிகுதி. வலை பின்னியும் பனையேறியும் பிழைக்கும் வீடுகளுக்கு எட்டுவதன்று. இன்னொரு வேடிக்கையும் உண்டு. கருவி பொருத்திய கையின்மேல் ஒருக்களித்துப் படுத்தால், அழுத்தத்தினால் பொய்யான தாழ்வைக் காட்டி மணியடித்துவிடும். உறக்கத்தைக் காக்க வந்ததே உறக்கத்தைக் கலைக்கும். அழுத்தம் படாத இடத்தில் பொருத்துவதும், மருத்துவர் துணையோடு மணியடிக்கும் எல்லையைச் சரியாக வைப்பதும் இத்தொல்லையைக் குறைக்கும்.

தாழ்வு கண்டால் என்ன கொடுப்பது? ஏறத்தாழ 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். வேம்பார் கருப்பட்டிக்குப் பெயர்பெற்ற ஊர். கருப்பட்டி நீரிழிவுக்காரருக்குத் தீங்கு செய்யாது என்று நம்புவோர் இன்றும் உளர். அது தவறு. அதன் பெரும்பகுதி சாதாரணச் சர்க்கரையே. அதனாலேயே அவசரத்துக்கு அதுவும் உதவும். ஆனால் கட்டியாகக் கடிக்கக் கொடாமல், தூளாக்கிக் கரைத்துக் கொடுங்கள். சாக்லேட்டில் கொழுப்பு மிகுதியாதலின் சர்க்கரை விரைந்து குருதியில் சேராது. தாழ்வு நீங்கியபின், விடிய நெடுநேரம் இருப்பின், இட்லியோ ரொட்டியோ சிறிது உண்டு படுக்க வேண்டும்.

பள்ளியைப் பற்றியும் ஒரு சொல். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு, மாணவன் வகுப்பில் தூங்கி விழுவதற்குச் சோம்பல், பசி, ஆர்வமின்மை, கற்பித்தலின் குறை என்று காரணங்களைப் பட்டியலிட்டுக் கற்பித்தனர். இரவு இரண்டு மணிக்குச் சர்க்கரை தாழ்ந்து, மூன்று மணிக்கு உயர்ந்து, நான்கு மணிக்குக் கண்ணயர்ந்து, ஏழு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்த பிள்ளை என்பது அப்பட்டியலில் இல்லை. முதற் பாடவேளையில் மேசைமேல் தலை சாய்ப்பவன் அத்தகைய பிள்ளையாக இருக்கலாம். அப்போதே சர்க்கரை தாழ்ந்துகொண்டிருப்பதாகவும் இருக்கலாம். ஆகவே அவனை அதட்டி எழுப்பி நிற்கவைப்பதற்கு முன், சர்க்கரையைப் பார்த்தாயா என்று கேட்பது நல்லது. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2017-இல், இந்நோயுள்ள மாணவர் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை வில்லையும் பழமும் சிற்றுண்டியும் தண்ணீரும் கொண்டுசெல்ல இசைவளித்தது.

கல்லூரி விடுதியில் தங்கிப் பயில்வோர் பலர் இவ்வுரையைப் படிக்கக்கூடும். உங்கள் அறைத்தோழனுக்கு இந்நோய் இருப்பின், அவன் சர்க்கரைப் பொட்டலத்தை எங்கே வைத்திருக்கிறான் என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். விளக்கை அணைத்த பின்னும் கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்கட்டும். நள்ளிரவில் அவன் பொருளின்றிப் பேசினாலும், வியர்த்துக் கிடந்தாலும், எழுப்பினால் சினந்து விழுந்தாலும், குடித்திருக்கிறான் என்றோ கனவு காண்கிறான் என்றோ எண்ணிவிடாமல், எழுப்பி உட்காரவைத்துச் சர்க்கரை நீர் கொடுங்கள். எழுப்பியும் எழாமல், விழுங்க இயலாத நிலையில் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் புகுந்துவிடும். அவனை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, உடனே 108-க்குச் சொல்லுங்கள். குளுக்ககான் ஊசி அறையில் இருந்து, அதைப் போடும் முறையை அவன் உங்களுக்கு முன்னரே காட்டியிருந்தால், வண்டி வருவதற்குள் அதைப் போட்டுவிடலாம். அவன் கண் விழித்துத் தெளிவாகப் பேசி, தானே விழுங்கக்கூடிய நிலைக்கு வந்தபின்பே இனிப்பு கொடுக்க வேண்டும்.